பழைய கம்ப்யூட்டர், புது வைஃபை: எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் முறை

மதுரையைச் சுற்றி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் கொஞ்சநஞ்சமில்லை. வாடிப்பட்டி, மேலூர் பக்கம் எடை மேடைகளில் சீரியல் போர்ட்டோடு கட்டிப்போட்ட விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் இருக்கிறது. மாசி வீதிகளின் சந்துகளில் பத்திரிகை அடிக்கிற அச்சகங்களில், பழைய எழுத்துருவில் செய்த கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் முழுக்க ஒரே ஒரு விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் பழைய டேலியும் ஓடுகிற மொத்தக் கடைகளும் உண்டு. இவர்கள் யாரும் கஞ்சத்தனத்தால் பழசை வைத்திருக்கவில்லை. அந்த வேலை அந்த மெஷினில்தான் ஓடும். இப்போது கடைக்கு ஃபைபர் வந்துவிட்டது, சுவரில் புது ரவுட்டர் மாட்டியாயிற்று, போனெல்லாம் பறக்கிறது. பழைய கம்ப்யூட்டர் மட்டும் சேரமாட்டேன் என்கிறது.

இந்த வேலையில் முதலில் மாற்ற வேண்டியது நம் அணுகுமுறையை. கம்ப்யூட்டரைச் சேர்ப்பதற்காக ரவுட்டரின் பாதுகாப்பைக் கீழே இறக்கக் கூடாது. வீட்டில் இருக்கிற எல்லாருடைய போனும் அந்த ரவுட்டரில்தான் இருக்கிறது. பழைய மெஷினுக்கென்று தனிப் பாதை போட்டுக்கொடுக்க வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைப் பழைய கம்ப்யூட்டரில் நேராகச் செருகிப் பாருங்கள். நெட் வந்தால் லைனும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது, சிக்கல் வயர்லெஸ்ஸில் மட்டும்தான். கேபிளிலும் வரவில்லை என்றால் நேராக நான்காம் அறிகுறிக்குப் போங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் டிரைவர் (கருவியைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) தேடி அலைந்தால் பொழுதுதான் போகும்.

1. வைஃபை அடையாளமே இல்லை

மேசைக் கம்ப்யூட்டர் என்றால், அதில் வயர்லெஸ் கார்டே இல்லாமல் இருக்கலாம். 2005 முதல் 2012 வரை இங்கே அசெம்பிள் செய்து விற்ற மெஷின்களில் பெரும்பாலும் லேன் போர்ட் மட்டும்தான் இருக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். வயர்லெஸ் என்றோ 802.11 என்றோ எதுவும் இல்லையென்றால் யுஎஸ்பி டாங்கிள், அதாவது யுஎஸ்பி போர்ட்டில் செருகுகிற சின்ன வைஃபை கருவி ஒன்று வேண்டும்.

லேப்டாப் என்றால் முதலில் சுவிட்ச். அந்தக் காலத்து லேப்டாப்களில் முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகர்த்துகிற ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். துணியால் துடைக்கும்போதே அது நகர்ந்துவிடும். சுவிட்ச் இல்லாதவற்றில் எஃப்என் சாவியோடு ஆன்டெனா படம் போட்ட சாவியை அழுத்த வேண்டும். லினக்ஸ் போட்டிருந்தால் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளை, தடை எங்கே என்று நேராகச் சொல்லிவிடும்: ஹார்டு பிளாக் என்றால் சுவிட்ச், சாஃப்ட் பிளாக் என்றால் செட்டிங்.

டாங்கிள் செருகியும் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கிறதா? டிரைவர் இல்லை. டப்பாவின் மேலுள்ள பெயரை நம்பித் தேடாதீர்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே இருக்கும் சிப் மாறிமாறி வரும். டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் ஆதரோஸ் சிப். இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக். டிவைஸ் மேனேஜரில் அந்த வரியை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனால் விஐடி என்று தொடங்கும் ஓர் எண் தெரியும். 0பிடிஏ என்றால் ரியல்டெக், 148எஃப் என்றால் ரேலிங்க், 0சிஎஃப்3 என்றால் ஆதரோஸ். அந்தச் சிப்புக்கான டிரைவரைத் தேடுங்கள். டவுன்ஹால் ரோட்டிலோ வேறெங்கோ டாங்கிள் வாங்கப் போனால், எக்ஸ்பிக்கு டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு, டப்பாவில் அச்சிட்டிருப்பதையும் பார்த்து வாங்குங்கள். புது மாடல்களில் பல, விண்டோஸ் 7-க்குக் கீழே இறங்குவதே இல்லை.

விண்டோஸ் 7-லேயே டிரைவர் போட்ட பிறகும் கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை, பிழை எண் 52 (கோட் 52) என்று வந்தால், டிரைவர் கெட்டதல்ல. புது டிரைவர்களின் கையொப்பம் எஸ்எச்ஏ-2 என்ற புது முறையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 2019-இல் வந்த கேபி4474419 என்ற அப்டேட் வேண்டும். அதை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து போடுங்கள்.

எக்ஸ்பியில் கார்டு சரியாக இருந்தும் பட்டியல் வராமல், வேறொரு மென்பொருள் கட்டுப்படுத்துகிறது என்ற செய்தி வந்தால், வயர்லெஸ் ஜீரோ கான்ஃபிகரேஷன் என்ற சர்வீஸ் நின்றிருக்கிறது. கார்டோடு வந்த மென்பொருள் அதை நிறுத்தியிருக்கும். சர்வீசஸ் பட்டியலில் அதை ஆட்டோமேட்டிக் ஆக்கித் தொடங்குங்கள்.

2. பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும், எதிர்வீட்டுப் பெயர் தெரியும், நம் பெயர் இருக்காது. காரணம் நான்கில் ஒன்று.

முதலாவது அலைவரிசை. வைஃபையின் பழைய தலைமுறைகளான 802.11பி, 802.11ஜி கார்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். விலை குறைந்த 802.11என் கார்டுகளும் அப்படியே. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தால் பழைய கார்டுக்கு அந்த ரவுட்டரே இல்லை. இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் ஓடும்படி வைத்திருந்தாலும் சிக்கல் வரலாம். 5-க்குப் போ என்று ரவுட்டர் தள்ளும், கார்டு போக முடியாமல் நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில் ஸ்மார்ட் கனெக்ட், பேண்ட் ஸ்டியரிங் போன்ற பெயரில் இருப்பதை நிறுத்தி, 2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள்.

இரண்டாவது சேனல். இந்தியாவில் 2.4-இல் 13 சேனல்கள் அனுமதி. ஆனால் அமெரிக்காவுக்கென்று அமைத்த கார்டுகள் 11-க்கு மேல் பார்க்காது. பழைய இறக்குமதி லேப்டாப்களில் இது சாதாரணம். மாசி வீதி போன்ற நெருக்கமான தெருக்களில் சுற்றிலும் ரவுட்டர்கள் இருப்பதால், தானியங்கியாக விட்ட ரவுட்டர் காலியான 12, 13-ஐப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. நேற்று வந்தது, இன்று வரவில்லை என்று சொல்கிற இடங்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிலையாக வையுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

மூன்றாவது, ரவுட்டர் மிகப் புதிது. வைஃபை 6 எனப்படும் 802.11ஏஎக்ஸ் ரவுட்டர் அனுப்புகிற அறிவிப்பைச் சில பழைய டிரைவர்கள் புரிந்துகொள்ளாமல், அந்தப் பெயரையே பட்டியலிலிருந்து விட்டுவிடும். இன்டெல் 7260 போன்ற கார்டுகளில் இது தெரிந்த சிக்கல். புது டிரைவர் போட்டால் தீரும். டிரைவர் கிடைக்காவிட்டால், ரவுட்டரில் 2.4-இன் மோடை பி/ஜி/என் என்று மாற்றுங்கள். 5-ஐத் தொட வேண்டாம், போன்கள் அதில் வேகமாகவே ஓடும்.

நான்காவது, பெயர். ஆசையாகத் தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள், எனக்கு மகிழ்ச்சிதான். வைஃபை பெயருக்கு 32 பைட் இடம். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறிகளாகவே எண்ணப்படும். மீனாட்சி என்ற பெயர் 24 பைட்டில் அடங்கிவிடும், மீனாட்சி இல்லம் அடங்காது. ஆனால் எக்ஸ்பி போன்ற பழைய அமைப்புகளில் அந்தப் பெயர் கண்டபடி குறிகளாகத் தெரியும். நம்முடையது இல்லை என்று நினைத்துக் கடந்துவிடுவோம். பழைய மெஷின் சேர வேண்டிய 2.4-க்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் இருக்கட்டும், 5-க்குத் தமிழ்ப் பெயர் இருக்கட்டும்.

இந்த நான்கில் எது என்று தெரியவில்லையா? போனின் ஹாட்ஸ்பாட்டை 2.4-இல் வைத்து ஆன் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் அது தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, ரவுட்டர் செட்டிங்கைத்தான் திருத்த வேண்டும்.

3. பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டாலும் சேரவில்லை

பாஸ்வேர்டில் தொடங்குவோம். தமிழ் தட்டச்சு செய்கிற கம்ப்யூட்டர் என்றால் என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அது தமிழ் நிலையில் இருந்தால் பாஸ்வேர்டுப் பெட்டியில் தமிழ் எழுத்து விழும். பெட்டியில் தெரிவதோ வெறும் புள்ளிகள். அச்சகங்களிலும் தட்டச்சு மையங்களிலும் இதை மறக்காமல் பாருங்கள். நோட்பேடில் அடித்து, கண்ணால் பார்த்து, காப்பி செய்து ஒட்டுவது நல்லது. எக்ஸ்பி இரண்டு முறை கேட்கும், இரண்டிலும் ஒட்டுங்கள்.

பாஸ்வேர்டு சரி என்றால், பூட்டு வகை, அதாவது வைஃபையின் பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ2 2004-இல் வந்தது. 2006 மார்ச் முதல் வைஃபை சான்று பெறுகிற எல்லாக் கருவிகளிலும் கட்டாயமானது. டபிள்யூபிஏ3 2018-இல் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, 7 இரண்டுக்கும் டபிள்யூபிஏ3 தெரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருந்தால் இந்த மெஷின்கள் சேரவே சேராது. இரண்டும் கலந்த மோடில் வைத்தால் பல கார்டுகள் சேரும். சில பழைய டிரைவர்கள் அதிலும் தடுமாறும், மேலாண்மைச் செய்திகளைப் பாதுகாக்கும் பிஎம்எஃப் என்ற அம்சம் இடறும்.

இதற்கு நல்ல வழி கெஸ்ட் நெட்வொர்க், அதே ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனியாகத் திறக்கும் வைஃபை. வீட்டு முதன்மை வைஃபையை டபிள்யூபிஏ3-இலேயே விட்டுவிட்டு, 2.4-இல் ஒரு கெஸ்ட் நெட்வொர்க் திறந்து, அதற்கு டபிள்யூபிஏ2 பெர்சனல், ஏஇஎஸ் என்று வையுங்கள். பாஸ்வேர்டும் வேறாக இருக்கட்டும். பழைய மெஷினில் வைரஸ் புகுந்தாலும் வீட்டு போன்களை அது எளிதில் தொட முடியாது.

எக்ஸ்பியில் டபிள்யூபிஏ2 என்ற தேர்வே இல்லையென்றால் சர்வீஸ் பேக்கைப் பாருங்கள். 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3-இல் அது உள்ளேயே இருக்கிறது. சர்வீஸ் பேக் 2-க்குத் தனி அப்டேட் வேண்டும், அதைத் தேடுவதைவிட 3-ஐப் போடுவதே மேல். சான்றிதழ் கிடைக்கவில்லை என்று எக்ஸ்பி அடம்பிடித்தால், அந்த நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸில் 802.1எக்ஸ் என்ற அலுவலக வகைப் பூட்டு தேர்வாகியிருக்கும். பெயரை அழித்துவிட்டு, கையால் புதிதாகச் சேர்த்து, டபிள்யூபிஏ2-பிஎஸ்கே, ஏஇஎஸ் என்று தேர்ந்தெடுங்கள்.

டபிள்யூஇபி என்ற மிகப் பழைய பூட்டு மட்டும் தெரிந்த கார்டும் உண்டு, 2003-க்கு முந்தையவை. அதற்காக ரவுட்டரை டபிள்யூஇபி-க்கு இறக்கச் சொல்வோர் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பூட்டின் ஓட்டை 2001-லேயே வெளியானது. இன்று ஒரு சாதாரண லேப்டாப் நிமிடங்களில் அதைத் திறந்துவிடும். அதற்கு அடுத்து வந்த டிகேஐபி என்ற பூட்டு முறைக்கு இறக்கினாலும் நட்டம்தான்: 802.11என் வேகம் போய் 54 எம்பிபிஎஸ்-இல் நிற்கும். கார்டை மாற்றுங்கள், அல்லது கடைசிப் பகுதியில் சொல்லும் வழிக்குப் போங்கள்.

4. சேர்ந்துவிட்டது, நெட் இல்லை

கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடித்து, ஐபி முகவரியைப் படியுங்கள்.

169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரில் மேக் ஃபில்டர் (குறிப்பிட்ட கருவிகளை மட்டும் உள்ளே விடும் பட்டியல்) போட்டிருக்கிறதா, கருவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு ஒத்துப்போகாத இடத்திலும் இப்படித் தெரிவதுண்டு. மூன்றாம் அறிகுறிக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

வேறு முகவரி இருக்கிறது, ஆனால் ரவுட்டரின் வரிசையோடு பொருந்தவில்லை என்றால், பழைய பிராட்பேண்ட் காலத்து மிச்சம் அது. அப்போது டெலிபோன் லைனில் ஏடிஎஸ்எல் மோடம் வைத்தபோது, வந்தவர் 192.168.1.5 மாதிரி ஒன்றைக் கையால் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். புது ரவுட்டரின் வரிசை வேறாக இருக்கும். ஜியோஃபைபர் ரவுட்டரென்றால் 192.168.29.1. டிசிபி/ஐபி பிராப்பர்ட்டீஸில் முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) இரண்டையும் தானாகப் பெறு என்று மாற்றுங்கள். முகவரியை மட்டும் மாற்றிவிட்டு டிஎன்எஸ்-ஐ மறந்துவிடுகிறவர்கள் நிறைய. அதே காலத்து மிச்சமாக இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் பழைய டயலர் கனெக்‌ஷனும், அலுவலகத்தில் ஓடிய மெஷினென்றால் பிராக்ஸி முகவரியும் இருக்கும். இரண்டையும் நீக்குங்கள்.

பிறகு வரிசையாக பிங் செய்யுங்கள், அதாவது ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பிங் கட்டளையால் கேளுங்கள். ரவுட்டர் முகவரிக்குப் பதில் வராவிட்டால் வயர்லெஸ் இணைப்பே சரியில்லை. ரவுட்டர் பதில் தந்து, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரி தராவிட்டால் சிக்கல் வெளி லைனில். அதுவும் தந்து, தளத்தின் பெயருக்கு மட்டும் வரவில்லையென்றால் டிஎன்எஸ்.

5. பிங் போகிறது, தளங்கள் திறக்கவில்லை

முதலில் கடிகாரம். வலது கீழ் மூலையில் தேதி 2002 என்றோ 2009 என்றோ காட்டினால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கிறது. சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தவறானால் தளங்களின் சான்றிதழ் எல்லாம் இன்னும் தொடங்காதவையாகத் தெரியும், எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது.

தேதி சரியாக இருந்தும் திறக்காவிட்டால் பிரவுசர். எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை தெரியாது; இன்றைய தளங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழே பேசுவதில்லை. குரோம் எக்ஸ்பிக்கு 49-ஆம் பதிப்போடும், விண்டோஸ் 7-க்கு 109-ஆம் பதிப்போடும் நின்றுவிட்டது. எக்ஸ்பியில் ஃபயர்ஃபாக்ஸ் 52 இஎஸ்ஆர்தான் நான் போடுவது. அது தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. விண்டோஸின் பழைய பட்டியலை நம்புவதில்லை. 2021 செப்டம்பர் 30-இல் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, பழைய மெஷின்களில் திடீரென்று பல தளங்கள் நின்றன. அப்போது ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இவ்வளவு செய்து திறந்தாலும், அந்த மெஷினில் பேங்க் வேலை வேண்டாம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது.

6. வேகம் இல்லை, விட்டுவிட்டு வருகிறது

டாங்கிள் கேபினட்டின் பின்பக்கம், சுவரை ஒட்டிச் செருகியிருக்கும். இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி மேசைமேல் கொண்டுவாருங்கள், பாதி இடங்களில் இதுவே தீர்வு. ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகளின் கனத்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே சிக்னல் தளர்ந்துவிடும். ரவுட்டரைப் பீரோ மேலோ டிவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். மிகப் பழைய மெஷினில் யுஎஸ்பி 1.1 போர்ட் என்றால் 12 எம்பிபிஎஸ்-க்கு மேல் எந்த டாங்கிளும் ஓடாது. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்டில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

7. எதற்கும் மசியவில்லை: வயர்லெஸ்ஸை மெஷினுக்கு வெளியே வைத்துவிடுங்கள்

நான் அதிகம் நம்புகிற வழி இது. கம்ப்யூட்டருக்குள் வைஃபையைத் திணிக்க வேண்டாம். லேன் போர்ட் இருக்கிற ஒரு சின்ன ரவுட்டரைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள். அது வீட்டு வைஃபையை வாங்கி, கேபிள் வழியாக மெஷினுக்குக் கொடுக்கும். காலனியில் பம்ப் ஒன்று இறைத்துக் கொடுக்க, வீட்டுக் குழாய் வெறும் குழாயாகவே இருப்பதுபோல. மெஷினுக்கு டிரைவர் வேண்டாம், டபிள்யூபிஏ தெரிய வேண்டாம், எக்ஸ்பியா 98-ஆ என்ற கேள்வியும் இல்லை. லேன் கார்டு வேலை செய்தால் போதும்.

வாங்கும்போது கிளையன்ட் மோடு அல்லது டபிள்யூஐஎஸ்பி மோடு இருக்கிறதா என்று கேளுங்கள். 300 எம்பிபிஎஸ் என்று விற்கும் விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் உண்டு. கேபிளைச் செருகி, அதன் பக்கத்தைத் திறந்து, மோடை டபிள்யூஐஎஸ்பி ஆக்கி, வீட்டு வைஃபையைத் தேர்ந்து பாஸ்வேர்டு கொடுங்கள். இங்கே ஒரு கண்ணி: இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்று இருந்தால், சேர்ந்தும் நெட் வராது. சின்னதன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள். அது தன் பங்குக்கு வைஃபை பரப்புவதையும் நிறுத்திவிடுங்கள், தெருவில் ஏற்கெனவே நெரிசல்.

அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனும் இதே வேலையைச் செய்யும். போனை வைஃபையில் சேர்த்து, யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 7 பெரும்பாலும் தானாகவே பிடித்துக்கொள்ளும், எக்ஸ்பிக்குத் தனி டிரைவர் ஃபைல் தேவைப்படும்.

8. நெட் வருகிறது, புது லேப்டாப்பில் பழைய மெஷினின் ஃபோல்டர் தெரியவில்லை

பில் ஃபைலை எடுக்க நினைக்கும் கடைக்காரர்கள் கேட்பது இது. கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்திருந்தால் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, அது அதன் இயல்பு. ஒரே நெட்வொர்க்கில் இருந்தும் எக்ஸ்பி மெஷின் தெரியாவிட்டால் காரணம் எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை. எக்ஸ்பிக்கு அது மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புது நிறுவல்களில் அது இருப்பதில்லை. அதை மறுபடி ஆன் செய்யச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான், அதனால் நான் செய்வதில்லை. புது லேப்டாப்பில் ஒரு எஃப்டிபி சர்வர் (ஃபைல் வாங்கிக்கொள்ளும் மென்பொருள்) வைத்துப் பழைய மெஷினிலிருந்து அதற்கு அனுப்பலாம். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரரே எஃப்டிபி திறக்கும். ஒரு நாளைக்கு ஒரு ஃபைல்தான் என்றால் பென்டிரைவ் போதும்.

எடை மேடை மாதிரி, வெளியுலகமே தேவைப்படாமல் உள்ளே பிரிண்டருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் மட்டும் பேசுகிற மெஷினென்றால், அதை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, ஐபி முகவரியைக் கையால் கொடுத்து, டிஃபால்ட் கேட்வே, டிஎன்எஸ் இரண்டு கட்டங்களையும் காலியாக விடுங்கள். உள்ளே எல்லாம் ஓடும், வெளியே போகாது. கொடுத்த முகவரியை ரவுட்டரின் டிஎச்சிபி வரம்புக்கு, அதாவது ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகளுக்கு, வெளியே வையுங்கள். இல்லையென்றால் என்றாவது ஒரு போன் அதே முகவரியை வாங்கிக்கொள்ளும், லோடு ஏறி நிற்கும் நேரத்தில் ரசீது வராது. அந்த முகவரியைக் கேபினட்டின் மேல் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.